மலைச்சரிவில் சிறு காணியா? அரச உதவி கேட்கும் வழி

இலங்கை மலைநாட்டில் மானியம் என்றதும் நேரே பிரதேச செயலகத்தில் போய் வரிசையில் நிற்பவர்கள் பலர். மரக்கறி, கிழங்கு, நெல் செய்பவர்கள் முதலில் போகவேண்டிய இடம் கமநல சேவை நிலையம். விவசாயியாகப் பதிவது, கமக்காரர் அமைப்பில் சேர்வது, பயிர்க் காப்புறுதி கேட்பது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். விவசாயப் போதனாசிரியரையும் பெரும்பாலும் அங்கேயே பிடிக்கலாம். கள உத்தியோகத்தர்கள் மற்ற நாட்களில் வெளியே இருப்பார்கள் என்பதால், பொதுமக்கள் நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தேயிலைக்கு வாசல் வேறு: தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபை. மிளகு, கராம்பு, ஏலம், கோப்பிக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். மண் பாதுகாப்பு வேலைக்கு கன்னொருவையில் உள்ள ஹதபிம அதிகார சபையையும் கேட்டுப் பாருங்கள். எது என்று குழம்பினால் 1920க்கு அழையுங்கள். அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் காணிப் பத்திரத்தில்தான். காணி உறுதி, அரச காணிக்கான அனுமதிப் பத்திரம், அளிப்புப் பத்திரம் இவற்றில் ஒன்று வேண்டும். குத்தகைக் காணி என்றால் எழுத்தில் ஒப்பந்தமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் எடுத்து வையுங்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள தோட்டக் காணியில் பயிர் செய்பவர்களுக்குத்தான் சிரமம்: காணி கம்பெனியின் குத்தகையில் இருப்பதால் நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் காணியோடு ஒட்டிய மானியம் கிடைப்பது கடினம். ஆனால் போதனாசிரியரின் ஆலோசனைக்குக் காணி உறுதி தேவையில்லை. அதைக் கேட்காமல் விடுவது வீண் நட்டம்.

இன்னொன்று பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றிருந்தால் பணம் நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன்னரே வங்கியில் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை மண்வெட்டி எடுக்காதீர்கள். தேயிலை மீள்நடுகை மானியம் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு வேலையையும் பார்த்த பிறகே வரும். அனுமதிக்கு முன் பழைய செடியைப் பிடுங்கிவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? பிடுங்கிய பின் 18 முதல் 24 மாதம் வரை குவாத்தமாலா அல்லது மானாப் புல் வளர்த்து, வெட்டி, மண்ணிலேயே பரப்ப வேண்டும். அவசரப்பட்டு இடையில் நட்டால் களைத்த மண்ணில் கன்று பிடிக்காது, அடுத்த தவணையும் இழுபடும். கன்றைப் பதிவுபெற்ற நாற்றுத் தவறணையில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

மண் பரிசோதனைக்கு மரக்கறிக் காணியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வளைந்து வளைந்து 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அளவு கொண்டுபோனால் போதும். உரமோ டொலமைற்றுச் சுண்ணாம்போ போட்ட கையோடு எடுத்த மண் பொய்க் கணக்கைத்தான் காட்டும்.

சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போடுவது நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பழகிப்போன வேலை. தண்ணீர் சட்டென்று வடியும். மேல் மண்ணும் கூடவே போகும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் ஓடும் சமவுயரக் கோடு போடுங்கள். அதற்கு ஏ வடிவச் சட்டமே போதும்: 2 மீற்றர் கம்பு இரண்டு, குறுக்கே 1 மீற்றர் கம்பு ஒன்று, உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். இரு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, குறுக்குக் கம்பில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அதே முளைகளில் இரு கால்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்: நூல் அதில் படும்போது இரு கால்களும் ஒரே உயரத்தில் நிற்கும். இதைச் செய்யாமல் கண்ணளவில் குறித்தால் கோடு முழுவதும் சாயும், மழையில் கானு (வடிகால்) உடைக்கும். அந்தக் கோட்டில் கிளிரிசிடியாவோ வெட்டிவேரோ நடலாம். சரிவு கூடினால் வரிசைகளை நெருக்குங்கள். காணியில் மண்சரிவுக்கு அறிகுறியாகப் புதிதாக வெடிப்புத் தெரிந்தால் அங்கே கானு வெட்டவே வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அறிவியுங்கள்.

காப்புறுதி செய்த பயிர் அழிந்தால் உழுவதற்கு முன் படம் எடுத்து உடனே சொல்லுங்கள். உழுத காணியில் நட்டத்தை அளக்க வழியில்லை.

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். தமிழில் படிவம் கேட்பதும் உங்கள் உரிமைதான். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முத்திரையிட்ட அந்தப் பிரதியை இணைத்து, விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.