ஆபீஸ் மெஷின்ல எந்த ஜேடிகே போடணும்?

ஜாவா ப்ரோக்ராம் எழுதி ஓட்டுறதுக்கான டூல்செட்தான் ஜேடிகே. அது வேணும்னா நேரா ஆரக்கிள் சைட்டுக்கு போய் டவுன்லோட் பண்றதுதான் நம்மாளுங்க பழக்கம், வீட்ல உக்காந்து படிக்கிறதுக்கு அது ஓகே, ஆனா கம்பெனி மெஷின்லயும் சர்வர்லயும் லைசென்ஸ் பாக்காம போடவே போடாதீங்க ப்ளீஸ்.

1995ல ஜாவாவ வெளியிட்டது சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 2010ல ஆரக்கிள் அந்த கம்பெனியவே வாங்கிடுச்சு. நல்லவேளையா அதுக்கு முன்னாடியே சன் சோர்ஸ் கோட ஓப்பன்ஜேடிகேன்னு தொறந்து விட்டுட்டாங்க, அதனாலதான் இன்னைக்கு அதே கோட பில்ட் பண்ணி எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ, அசூல் சுலு, மைக்ரோசாஃப்ட் பில்ட்னு இத்தன பேரு ஃப்ரீயா குடுக்குறாங்க.

ஆரக்கிள் ஜேடிகேல 17லருந்து ஃப்ரீதானேன்னு கேப்பீங்க. ஃப்ரீதான், ஆனா அடுத்த எல்டிஎஸ், அதாவது ரொம்ப வருஷம் சப்போர்ட் குடுக்குற வெர்ஷன், வந்து ஒரு வருஷம் வரைக்கும்தான், அப்புறம் வர்ற அப்டேட்ட ப்ரொடக்ஷன்ல, அதாவது நெஜமா வேல ஓடுற சிஸ்டத்துல, போட்டா காசு. 2023ல கொண்டுவந்த சந்தால ஜாவா தொடுறவங்கள மட்டும் எண்ண மாட்டாங்க, கம்பெனில இருக்குற மொத்த ஆளுங்க கணக்குதான், அக்கவுன்ட்ஸ்ல இருக்குறவரும் சேத்தி.

இப்ப செக் பண்ணுங்க. டெர்மினல்ல ஜாவான்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஹைஃபன் வெர்ஷன்னு குடுங்க. மொத வரி "ஓப்பன்ஜேடிகே வெர்ஷன்"னு ஆரம்பிச்சா அது ஓப்பன்ஜேடிகே பில்டு, ரெண்டாவது வரில டெமுரினா கொரெட்டோவான்னு பேரும் பெரும்பாலும் இருக்கும். வெறும் "ஜாவா வெர்ஷன்"னு வந்து அடுத்த வரில "ஜாவா எஸ்இ"ன்னு இருந்தா ஆரக்கிளோடது, வெர்ஷன் நம்பர குறிச்சுக்கிட்டு லைசென்ஸ பாருங்க.

எத போடலாம்னு என்ன கேட்டா டெமுரின் 21, அமேசானோட க்ளவுடான ஏடபிள்யூஎஸ்ல ஓடுற ப்ராஜெக்ட்னா கொரெட்டோ. கோட் எழுதுற ஐடிஇ சாஃப்ட்வேரா இன்டெல்லிஜே வச்சிருந்தா தனியா டவுன்லோட் கூட வேணாம், ப்ராஜெக்ட் ஸ்ட்ரக்சர்ல எஸ்டிகே போய் டவுன்லோட் ஜேடிகே குடுத்தா வெண்டார் லிஸ்ட்டே வரும், தேர்ந்தெடுத்தா போதும். எக்லிப்ஸ்னா ப்ரிஃபரன்சஸ்ல இன்ஸ்டால்டு ஜேஆர்இல பாத் சேக்கணும். விஎஸ் கோட்லயும் ரெட் ஹேட் எக்ஸ்டென்ஷன் போட்டா ஜாவா நல்லாவே ஓடும், உள்ள வேல செய்றது எக்லிப்ஸோட எஞ்சின்தான்.

ஐடிஇல மாத்துனா முடிஞ்சுதுன்னு விட்றாதீங்க, ப்ராஜெக்ட பில்ட் பண்ற மேவன் டூல், சிஸ்டத்துல செட் பண்ணிருக்குற ஜாவா ஹோம் வேரியபிள் எந்த ஃபோல்டர காட்டுதோ அதத்தான் எடுக்கும், அதயும் புது ஃபோல்டருக்கு மாத்திட்டு டெர்மினல மூடி தொறங்க, பில்ட் சர்வர்லயும் டாக்கர் இமேஜ்லயும் இதே செக்க ஓட்டிப் பாத்துருங்க.