ஓர் இராஜதந்திரியின் பணிவாழ்வைக் கட்டுரையாக்குவது எப்படி: சிட்னி சொன்னினோவை முன்வைத்து

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவர்களுக்குக் கருத்தரங்கக் கட்டுரைக்காக ஐரோப்பியத் தலைவர் ஒருவரின் பெயர் ஒதுக்கப்பட்டால், பெரும்பாலோர் பிறந்த ஊரில் தொடங்கி, வகித்த பதவிகளை வரிசையாக அடுக்கி, இறந்த நாளில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதப்படும் கட்டுரை அரசு ஊழியரின் பணிப்பதிவேட்டைப் போல இருக்கும்; பிழை இருக்காது, ஆனால் படித்தவருக்கு எதுவும் விளங்காது. முதல் உலகப் போரின்போது இத்தாலியின் வெளியுறவு அமைச்சராக இருந்த சிட்னி சொன்னினோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வேறொரு வழியில் எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

அடிப்படைத் தகவல்களை ஒரே தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். சொன்னினோ 1847-இல் பீசா நகரில் பிறந்தார். தந்தை யூத மரபில் வந்து புராட்டஸ்டண்டாக மாறியவர், தாய் பிரிட்டனைச் சேர்ந்தவர். சட்டம் படித்தபின் இளவயதில் சில ஆண்டுகள் வெளிநாட்டுத் தூதரகங்களில் பணியாற்றினார். 1876-இல் லெயோபோல்தோ ஃபிரான்கெத்தியுடன் சிசிலிக்குச் சென்று, அங்குள்ள விவசாயிகளின் நிலையை நேரில் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1880-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பிரதமர் கிறிஸ்பியின் அமைச்சரவையில் நிதித்துறையைக் கவனித்தார். 1906-இலும் 1909-10-இலும் பிரதமரானார். இரண்டு முறையும் அவரது ஆட்சி நான்கு மாதத்தை எட்டவில்லை. பிரதமர் பதவி என்பதாலேயே அதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு பத்தி தாராளமாகப் போதும்.

அடுத்து, அவருடைய வாழ்வு எந்த ஒரே ஆவணத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று கண்டறிய வேண்டும். சொன்னினோவைப் பொறுத்தவரை அது 1915 ஏப்ரல் 26-ஆம் நாள் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றுடன் இத்தாலி இரகசியமாகச் செய்துகொண்ட இலண்டன் உடன்படிக்கை. பதினாறே பிரிவுகள் கொண்ட இதன் ஆங்கில வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே மாலையில் வாசித்துவிடலாம். அதில் கையொப்பமிட்டவர் சொன்னினோ அல்லர், இலண்டனில் இத்தாலியத் தூதராக இருந்த இம்பெரியாலி. வாய்மொழித் தேர்வில் இப்படியொரு கேள்வி வரக்கூடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உரோமில் இருந்தபடி நிபந்தனைகளை வகுத்தவர் யார், இலண்டனில் அவற்றைப் பேசி முடித்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இராஜதந்திரம் எப்படி நடக்கிறது என்பது பிடிபடும்.

ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னுமுள்ள நாள்களை ஒரு நோட்டில் இடப்பக்கத்திலும், ஒவ்வொரு நாளிலும் இத்தாலி யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தது என்பதை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். 1914 ஆகஸ்டில் இத்தாலி நடுநிலையை அறிவித்தது. ஜெர்மனியுடனும் ஆஸ்திரியா-ஹங்கேரியுடனும் அது வைத்திருந்த மூவர் கூட்டணி அப்போதும் நடைமுறையில் இருந்தது. அப்போது பதவியில் இல்லாத சொன்னினோ, அந்தக் கூட்டாளிகளின் பக்கமே போரில் சேர வேண்டும் என்று கருதினார். நவம்பரில் வெளியுறவு அமைச்சரானபின், பால்கனில் ஆஸ்திரியா நிலம் பெற்றால் இத்தாலிக்கு ஈடு தர வேண்டும் என்ற, அதே கூட்டணி ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவைக் காட்டி ஆஸ்திரியாவிடம் இழப்பீடாக நிலம் கேட்டார். 1915 ஏப்ரல் 8-ஆம் நாள் வியன்னாவுக்குக் கோரிக்கைப் பட்டியல் போகிறது. அதே மாதம் 26-ஆம் நாள் இலண்டனில் எதிர்த்தரப்புடன் கையொப்பமாகிறது. மே மாதத் தொடக்கத்தில்தான் மூவர் கூட்டணியிலிருந்து இத்தாலி விலகுகிறது. ஆக, ஏப்ரல் இறுதியில் சில நாள்கள் இத்தாலி இரு தரப்புக்கும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தது. இந்த உண்மை இரு பக்கங்களாக எழுதும்போது தானாகவே கண்ணில் படும். பதவிப் பட்டியலில் ஒருபோதும் படாது.

உடன்படிக்கையின்படி ஒரு மாதத்துக்குள் இத்தாலி போரில் இறங்க வேண்டும். ஆஸ்திரியா மீது போர் அறிவிப்பு வெளியானது மே 23, அதாவது தவணை முடிய மூன்று நாள்களே இருந்தபோது. அதற்கிடையில் பிரதமர் சலாந்திரா பதவி விலக முன்வந்து, அரசர் அதை ஏற்க மறுத்து, மே 20-ஆம் நாள் நாடாளுமன்றம் அரசுக்குச் சிறப்பு அதிகாரம் வழங்கியது. வாக்களித்த உறுப்பினர்களுக்கு உடன்படிக்கையின் வாசகம் காட்டப்படவில்லை. எல்லா எதிரிகளுக்கும் எதிராகப் போரிடுவதாக இரண்டாம் பிரிவு கூறினாலும், ஜெர்மனி மீது இத்தாலி போர் அறிவித்தது 1916 ஆகஸ்ட் இறுதியில்தான். எழுதிக்கொடுத்ததற்கும் செய்ததற்கும் இடையே உள்ள இத்தகைய இடைவெளிகளில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாவது வேலை வரைபடத்துடன் வாசிப்பது. மாவட்ட மைய நூலகத்தில் பழைய உலக வரைபட நூல் கிடைத்தால் நல்லது. இல்லையேல் அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையை நீங்களே வரைந்துகொள்ளலாம். ஃபியூமே என்ற துறைமுகம் இன்று ரியெக்கா என்ற பெயரிலும், ஸாரா இன்று ஸாதர் என்ற பெயரிலும் குரோஷியாவில் இருப்பதால், புதிய வரைபடத்தில் பழைய பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். நான்காம் பிரிவு தரும் திரெந்தினோ, தென் டிரோல், திரியேஸ்தே, இஸ்திரியா ஆகியவற்றையும் ஐந்தாம் பிரிவு தரும் வட டால்மேஷியாவையும் வண்ணமிட்டுப் பாருங்கள். ஃபியூமே வண்ணத்துக்கு வெளியே நிற்கும். உடன்படிக்கை அதைக் குரோஷியத் தரப்புக்கு விட்டுவைத்திருந்தது.

1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் இத்தாலி சிக்கிய முடிச்சு இதுதான். ஃபியூமே நகரில் இத்தாலிய மொழி பேசுவோர் மிகுதி என்பதால், மொழிவழி உரிமையைக் கூறி அதைக் கேட்கலாம். ஆனால் ஸ்லாவியர் பெரும்பான்மையாக வாழும் டால்மேஷியாவை அதே நியாயத்தால் கேட்க முடியாது. டால்மேஷியாவை உடன்படிக்கையைக் காட்டிக் கேட்கலாம். அதைக் காட்டினால் ஃபியூமே கையைவிட்டுப் போகும். பிரதமர் ஒர்லாந்தோவின் மனம் ஃபியூமேயில் இருந்தது. சொன்னினோ உடன்படிக்கையின் வாசகத்தைப் பிடித்த பிடியில் நின்றார். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது அமெரிக்க அதிபர் வில்சன் இசையவில்லை. ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் தம் நிலையைப் பகிரங்கமாக வெளியிட, இத்தாலியத் தூதுக்குழு மாநாட்டை விட்டு வெளியேறி, மே தொடக்கத்தில் தானாகவே திரும்பியது. ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. சொன்னினோவின் பிடிவாதத்தைப் பலரும் குறுகிய பார்வை என்பர். என் பார்வையில், அவர் தம் ஆவணத்துக்கு உண்மையாக இருந்தார். பேரரசுகள் சரிந்துபோன 1919-இல் அந்த ஆவணமே காலாவதியாகியிருந்தது. மாணவர் இதை மறுத்து எழுதலாம். ஆனால் ஏதாவதொரு பக்கம் நின்று எழுத வேண்டும்.

குமரி மாவட்டத்தவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மொழியை அடிப்படையாகக் கொண்டு எல்லை கேட்பது என்றால் என்னவென்று மார்ஷல் நேசமணி காலத்துப் போராட்டத்தைக் கேட்டறிந்த வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் நம் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. ஆயினும் ஒப்புமையை ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இங்கே ஒரே நாட்டுக்குள் ஆணையம் அமைத்து, நாடாளுமன்றத்தில் சட்டமியற்றிப் பிரித்தார்கள். அங்கே பிறர் நிலம் போருக்கு விலையாகப் பேசப்பட்டது.

பக்கங்களைப் பங்கிடும்போது, பத்துப் பக்கக் கட்டுரையில் இளமைக்கும் உள்நாட்டு அரசியலுக்கும் இரண்டு, 1914-15-க்கு நான்கு, மாநாட்டுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள் 1917 நவம்பரில் உடன்படிக்கையை வெளியிட்டதை மாநாட்டுப் பகுதியின் தொடக்கத்தில் சேருங்கள். எஞ்சிய ஒரு பக்கத்தில், 1922 நவம்பரில் அவர் இறந்த செய்திக்கு முன்னால், 1920-இல் யூகோஸ்லாவியத் தரப்புடன் கையொப்பமான ராப்பல்லோ ஒப்பந்தத்துக்கு இடம் கொடுங்கள். வெளியுறவுப் பொறுப்பிலிருந்த கார்லோ ஸ்ஃபோர்ட்ஸா அதில் ஸாராவையும் சில தீவுகளையும் மட்டும் பெற்றுக்கொண்டு டால்மேஷியாவின் மீதிப் பகுதியை விட்டுக்கொடுத்தார். ஃபியூமே தனிச் சுதந்திர நகராயிற்று.