வெந்தய வரியனுக்கு ஒரு எருக்கஞ்செடி

"உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்பது எங்கள் ஊரில் சாபம். அந்த எருக்கை, வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்காக, நானே விதை போட்டு முளைக்க வைத்தேன்.

முதலில் நர்சரியில் 'பட்டாம்பூச்சிச் செடி' என்று சொன்னதை நம்பி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் ஒன்றை வாங்கினேன். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெந்தய வரியன் வந்து முட்டையிட்டது உண்மைதான். ஆனால் ஏழு புழுக்கள் சேர்ந்து நாலே நாளில் செடியைக் குச்சியாக்கிவிட்டன. பசியோடு தொட்டி விளிம்பில் அலைந்தவற்றுக்கு ரயில் பாதை ஓரத்து எருக்கிலையைப் பறித்துப் போட்டேன். மறுபேச்சில்லாமல் தின்றன. இதற்கா காசு கொடுத்தோம் என்றிருந்தது.

கோடையில் எருக்கங்காய் முற்றி, வெடிக்கிற பக்குவத்தில் இருக்கும்போதே பறித்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் விதை பஞ்சோடு பறந்துவிடும். செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து, விதையை மேலாகப் புதைத்தால் போதும். அவசரமென்றால் விரல் தடிமனில் ஒரு சாண் கிளையை வெட்டி, பால் காயும்வரை நிழலில் இரண்டு நாள் போட்டு, அப்புறம் நடுங்கள். வேர் ஆழமாகப் போகும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியாவது வேண்டும். நல்ல வெயில், மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். உரமெல்லாம் வேண்டாம்.

வெட்டும்போது மட்டும் கவனம். பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள்.

செடி தழைத்ததும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் குண்டூசித் தலை அளவில் வெளிர் முட்டை ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். புழுவுக்குக் கருப்பு, வெள்ளை, மஞ்சளில் வரிகள், முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்புகள். குட்டிப் புழு எடுத்ததும் தின்னாது. இலையில் வட்டமாக ஒரு கோடு கடிக்கும். பால் அந்தக் கோட்டிலேயே வடிந்துவிட, நடுவில் உள்ளதைச் சாவகாசமாகத் தின்னும். நான் பல் துலக்காமல் அரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எருக்கின் விஷம் உடம்பில் தங்குவதால் பறவைகளும் வரியனைத் தொடத் தயங்கும்.

தண்டில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பும். வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள், புழுவுக்கும் ஆகாது. விரலால் வழித்துவிட்டால் போதும்.

வேலி இருந்தால் வேலிப்பருத்திக் கொடியையும் ஏற்றிவிடலாம், வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். வேறு பட்டாம்பூச்சிகளில் நீல வரியன் வேண்டுமென்றால் கொடிப்பாலை, வெண்புள்ளிக் கருப்பனுக்கு நன்னாரி.

எதிர்வீட்டு அத்தை, "குடியிருக்கிற வீட்டுல எருக்கா?" என்று முகம் சுளித்தவர். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் மாலை கட்டப் பூக் கேட்டு அவர்தான் முதலில் வந்து நின்றார். கூட்டுப்புழு தொங்கிய கிளையை மட்டும் விட்டுவிட்டுப் பறித்துக்கொள்ளச் சொன்னேன்.