சுகாதார ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சுத்தம் செய்தால் போதுமா?

சுகாதார ஆய்வாளர் தெருவுக்குள் வந்துவிட்டார் என்றதுமே வீடுகளில் ஒரு பரபரப்பு. வாளியைக் கவிழ்ப்பார்கள், பழைய டயரைப் பின்பக்கம் இழுத்துப் போடுவார்கள், வாசலோரம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். அவர் போனதும் எல்லாம் பழையபடி. முதல் தவறே இதுதான். அவர் வருவது என்றோ ஒரு நாள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ, வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு 7 முதல் 10 நாளில் வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை நாமே பார்த்தாக வேண்டும்.

சரி, எங்கே பார்ப்பது? கொசு என்றதும் எல்லோரும் சாக்கடையைக் காட்டுகிறோம். ஏடிஸ் பெரும்பாலும் தேடுவது, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரை. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த வாளி. டார்ச் அடித்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கொசுப்புழுக்கள், உங்கள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும். ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணீர்கூட அவற்றுக்குப் போதும்.

புழுவைப் பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏடிஸின் முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பிரஷ் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் இடைவெளி இல்லாமல் மூடுங்கள்.

புகை மருந்தை நம்பி இருப்பதும் அப்படித்தான். பறக்கிற கொசுவைத்தான் அது கொல்லும். புழு தண்ணீருக்குள் சுகமாக இருக்கும். புகை அடிக்கவில்லை என்று புகார் கொடுக்கிற நாமே, தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுகிறோம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கொசுவை விட்டுக் குடிநீருக்கு வருவோம். கிருமியைக் கொல்ல அதில் குளோரின் கலந்தவுடன் குடிக்காதீர்கள், அரை மணி நேரமாவது விடுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரினின் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். தெளியவைத்து வடிகட்டிய பிறகு கலக்குங்கள்.

கடைசியாக, உயிரைப் பறிக்கும் தவறு: செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது. எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக மோசமான நேரம். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தால் வாயு வெளியேறிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் சகதியைக் கிளறினால் புதிதாகக் கிளம்பும். கழிவை உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், தூக்கப் போகிறேன் என்று பின்னாலேயே இறங்காமல் உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.