ரேடியேட்டர் சூடாகவில்லையா? முதலில் தொட்டுப் பாருங்கள்

பிரிட்டன் வீடுகளில், பாய்லரிலிருந்து வரும் சுடுநீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் கோடை முழுவதும் சும்மா கிடக்கும்; அவற்றில் ஏதாவது ஒன்று, அக்டோபரில் ஹீட்டிங்கைப் போட்டதும் அடம்பிடிப்பது வழக்கம். ஆளைக் கூப்பிடுவதற்கு முன், ஹீட்டிங் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து அதன் மேல், கீழ், இருபக்கக் குழாய்களைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும் இடமே பெரும்பாலும் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் நன்றாக ஆறிய பிறகு, மேல் மூலையிலுள்ள சிறு திருகில் ரேடியேட்டர் சாவியைப் பொருத்தி, பழைய துணி ஒன்றை அடியில் பிடித்தபடி, கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். 'உஸ்' என்று காற்று வெளியேறி, தண்ணீர் சீராக வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். அந்தத் தண்ணீர் டிகாக்‌ஷன் போலக் கறுத்திருக்கக்கூடும் என்பதால், வெளிர்நிறக் கார்ப்பெட் உள்ளவர்கள் துணியோடு ஒரு கிண்ணமும் வைத்துக்கொள்வது நல்லது. காற்று போனால் அழுத்தமும் குறையும். ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒன்றாகவே பயன்படும் காம்பி பாய்லரின் அழுத்த அளவுமானி, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். குறைந்திருந்தால், பாய்லரின் கையேட்டில் சொல்லியபடி நீர் நிரப்பும் குழாயைத் திறந்து சரிசெய்து, மறக்காமல் மூடுங்கள்.

மற்றவை சூடாக, ஒன்று மட்டும் முழுவதும் குளிர்ந்திருந்தால், எண்கள் பொறித்த அதன் வால்வைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வால்வை உச்ச எண்ணில் வைத்து, தலைப்பகுதியைக் கழற்றினால் நடுவே ஒரு சிறு ஊசி தெரியும். அதை அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் தானாக மேலே வர வேண்டும். மாதக்கணக்கில் மூடியே கிடந்தால் இது சிக்கிக்கொள்ளும். வால்வின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, சில முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். குறடால் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். ஊசி கழன்று வந்தால் அறையில் தண்ணீர் பீய்ச்சும்.

அடிப்பகுதியின் நடுவில் மட்டும் குளிர்ந்திருந்தால், துருச்சேறு படிந்திருக்கிறது. கழற்றிக் கழுவ வேண்டிய அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பாய்லருக்கு அருகிலுள்ளவை கொதிக்க, தொலைவிலுள்ளவை வெதுவெதுப்பாகவே இருந்தால், அருகிலுள்ளவற்றின் மறுமுனையில் மூடியிட்டிருக்கும் வால்வைச் சுடுநீர் தொலைவிலுள்ளவற்றுக்கும் போகும்படி சிறிது சிறிதாக இறுக்கி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா ரேடியேட்டர்களுமே குளிர்ந்திருந்தால், கோளாறு பாய்லரிலோ பம்பிலோ இருக்கலாம். எரிவாயு பாய்லரைத் திறக்க, எரிவாயு வேலை செய்பவர்களுக்கான 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரை மட்டுமே அழைத்து, அவருடைய அட்டையின் பின்புறத்தில் பாய்லர் வேலைக்கான தகுதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.