தியானமும் குடல் பாக்டீரியாவும்: நாம் செய்கிற தவறுகள்

"தியானம் செய்தால் குடலில் நல்ல பாக்டீரியா பெருகும்" என்று சொல்லும் வீடியோ நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றாத நாளே இல்லை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்க வருகிறவர்களின் பேச்சிலும் இது அடிபடுகிறது. இதில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதுவரைக்கும் உண்மை என்று தெரியாமல் இறங்குகிறவர்கள் காசையும், சில நேரம் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் தவறு, ஆய்வு சொன்னதற்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்வது. இந்தப் பேச்சு பரவியதற்கு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு பெரிய காரணம். திபெத்தில் 37 புத்த பிக்குகளின் மலத்தையும், அக்கம்பக்கத்தில் வசிக்கும் 19 பேரின் மலத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். பிரிவோடெல்லா, பாக்டீராய்டீஸ் போன்ற சில வகை பாக்டீரியாக்கள் பிக்குகளிடம் கூடுதலாக இருந்தன. சரி, அந்தப் பிக்குகள் யார்? தினமும் குறைந்தது 2 மணி நேரம், 3 வருடம் முதல் 30 வருடம் வரை தியானத்தில் இருந்தவர்கள். எல்லோரும் ஆண்கள், உயரமான மலைப்பகுதியில் வாழ்கிறவர்கள். தியானம் தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் குடல் எப்படி இருந்தது என்று பார்க்கவே இல்லை. அதனால் தியானம்தான் மாற்றியதா, மடத்து வாழ்க்கை முழுவதும் சேர்ந்து மாற்றியதா என்று இந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. "ஒரு மாசமா கண்ண மூடி உக்காருதேன் அண்ணாச்சி, வயிறு அப்படியேதான் கெடக்கு" என்று நொந்துகொள்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மனசு விட்டுப்போக மாட்டார்கள்.

அப்படியானால் தியானத்துக்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, சுற்றுவழியில். மூளையிலிருந்து வயிறு வரைக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள், ஏறக்குறைய 80 சதவீதம், குடலின் செய்தியை மேலே மூளைக்குக் கொண்டுபோகிறவை. மன அழுத்தம் கூடினால் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது, இரைப்பை காலியாவது தாமதமாகிறது, பெருங்குடலோ வேகம் பிடிக்கிறது. வண்ணார்பேட்டையில் பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். குடலின் வேகமும் சுரப்பும் மாறினால் அங்கே வாழும் பாக்டீரியாக்களுக்கும் சூழல் மாறும். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை நெருக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு அழுத்த ஹார்மோன் அதிகமாகச் சுரந்தது. ஒரு வகை நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது தணிந்தது.

ஆக, தியானம் அழுத்தத்தைக் குறைக்கலாம், தூக்கத்தைச் சீராக்கலாம், அதன் வழியாகக் குடலுக்கு நல்லது நடக்கலாம். என் கணிப்பில், நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயம் இல்லை. குடல் எரிச்சல் நோய் (ஆங்கிலத்தில் IBS) உள்ளவர்களுக்கு மனதைப் பழக்கும் பயிற்சிகளால் வலியும் உப்புசமும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு, தியானத்தை நம்பிச் சாப்பாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவது. பாக்டீரியாக்கள் விஷயத்தில் சாப்பாட்டின் கைதான் ஓங்கியது. உணவை முழுக்க மாற்றினால் சில நாளிலேயே குடல் பாக்டீரியாக்களின் அளவு மாறுவதை 2014-இல் மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற பெண்களைப் பாருங்கள். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும். வயிறு மடிந்து குனிந்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலத்துக்குள் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் மத்தியானச் சாப்பாடு ஒரு டீயோடும் பன்னோடும் முடிந்துவிடும். அவர்களிடம் போய், "தினமும் அரை மணி நேரம் பத்மாசனம் போட்டு உக்காருங்கம்மா" என்று சொல்வது பொருந்தாத வைத்தியம். ஏற்கனவே உட்கார்ந்தே இருக்கிறவர்கள் அவர்கள். நடுநடுவே எழுந்து நடப்பதும், நேரத்துக்குச் சோறும்தான் அவர்களுக்கு முதலில் வேண்டும். அப்புறம் ராத்திரி பாயில் மல்லாந்து படுத்து, கையை வயிற்றில் வைத்து, வயிறு ஏறி இறங்குவது கைக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக மூச்சு விடலாம். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகம் வந்தால் போதும், வேகஸ் நரம்பு வழியாக உடம்பு தளரும்.

சாப்பாடு என்றால் விலை கூடிய பொடியும் டப்பாவும் வேண்டியதில்லை. ராத்திரி சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றி மூடி வைத்த பழையசோற்றில் காலையில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்திருக்கும். ஆறிய சோற்றில் ஒரு பங்கு மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே உள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகும். கூடக் கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயத்தின் நார்ச்சத்தும் அவற்றுக்கு இரைதான். ஆனால் நம் கோடை வெயிலில் மத்தியானம் வரைக்கும் அதைப் போட்டுவைக்க வேண்டாம். இன்னொன்று, இட்லி தோசை மாவு புளித்தது என்பதற்காக அவற்றில் உயிருள்ள பாக்டீரியா கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். ஆவியிலும் தோசைக்கல்லிலும் அவை செத்துப்போகும். நல்ல உணவுதான், ஆனால் அந்தக் கணக்கில் சேராது. கொதிக்க வைக்காத மோர் சேரும்.

தியானத்தோடு கபாலபாதியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அடிவயிற்றை வெட்டி வெட்டி இழுக்கிற மூச்சுப்பயிற்சி அது. கர்ப்பிணிகளும், குடலிறக்கம் உள்ளவர்களும், ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வராதவர்களும் வீடியோ பார்த்துச் செய்யக்கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டதும் கண்ணை மூடி உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், நெஞ்செரிச்சல்காரர்களுக்கு முன்னால் குனிந்தால் புளித்த ஏப்பமும் சேர்ந்து வரும்.

மலத்தை அனுப்பினால் பாக்டீரியாப் பட்டியல் தருகிற பரிசோதனைகளும் இப்போது வந்துவிட்டன. நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. எந்த வகை எவ்வளவு இருந்தால் ஆரோக்கியம் என்று மருத்துவத்தில் இன்னும் ஓர் அளவுகோல் இல்லை. அந்தப் பணத்துக்குக் கீரையும் பயறும் பழமும் வாங்கலாம். தியானம் உதவுகிறதா என்று பார்க்க, தூக்கம், மலம் கழிகிற நேரம், உப்புசம் இவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தாலே போதும். ஆனால் உணவு மாற்றத்தையும் தியானத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துத் தொடங்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வயிறு கொஞ்சம் கலங்கினாலே மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நோயோடு சேர்த்துக் குடலில் உள்ள நல்லதையும் அது அழிக்கும். பழைய நிலைக்குத் திரும்பச் சிலருக்கு மாதக்கணக்காகும். ஒரு பக்கம் இதைச் செய்துகொண்டு மறுபக்கம் தியானத்தால் பாக்டீரியாவை வளர்க்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் என்றால் அது வேறு, அதைப் பாதியில் விடக்கூடாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் திடீரென்று மலம் கழிக்கிற பழக்கம் மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் மூச்சுப்பயிற்சியில் நாளைக் கடத்தாமல் நெல்லை ஐகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள மருத்துவரிடமோ போய்க் காட்டுங்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் படபடப்பும் பயமும் கூடுகிறது என்பவர்களும் கட்டாயப்படுத்தி உட்கார வேண்டாம். மெதுவாக நடந்துகொண்டே மூச்சைக் கவனிக்கலாம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் பேசலாம்.