ஒப்பமிடுவதற்கு முன்: வன்னியில் ஆய்வு செய்வோர் தமது கட்டுரையைத் திறந்து வைக்கும் வழி

வவுனிக்குளத்தின் கீழ்ச் செய்கை பண்ணும் கமக்காரருடன் இரண்டு போகங்கள் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, நீர்ப் பங்கீடு பற்றி நான் எழுதிய முதற் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. சில நாட்களில் அங்குள்ள கமக்காரர் அமைப்பின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, எங்கட குளத்தைப் பற்றி எழுதினதை நாங்களும் ஒருக்கா வாசிக்கலாமோ?" என்று கேட்டார். இணையத்தில் அக்கட்டுரையைத் திறப்பதற்கு முப்பது டொலருக்கு மேல் கட்டவேண்டியிருந்தது. தமிழில் பெயர்த்து அமைப்பின் கூட்டத்தில் பகிரலாம் என்று எண்ணி, மாதங்களுக்கு முன் ஒப்பமிட்டு அனுப்பிய இரண்டு பக்கப் படிவத்தை அன்றுதான் முழுமையாக வாசித்தேன். பிரதி செய்தல், விநியோகித்தல், எந்த மொழியிலும் பெயர்த்தல் ஆகிய எல்லா உரிமைகளையும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை. வாசிக்காமல் ஒப்பமிட்டது என் கை. அந்த ஒப்பத்துக்கு முன் நான் அறிந்திருக்க வேண்டியவற்றை, வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பீடங்களிலும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்காகவும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து எழுதும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கட்டுரையை எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. பதிவும் கட்டணமும் தேவையில்லை. அது ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். இந்த உரிமை ஒற்றைப் பொருளன்று. பிரதி செய்வது, மொழிபெயர்ப்பது, தழுவுவது, பொதுமக்களுக்கு விநியோகிப்பது எனப் பல பொருளாதார உரிமைகள் அதனுள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம். படைப்பில் உங்கள் பெயர் இடம்பெறுவதற்கும், அது உங்கள் நற்பெயரைக் கெடுக்கும் வகையில் சிதைக்கப்படாமலிருப்பதற்குமான தார்மிக உரிமைகள் இவற்றினின்று வேறானவை. பொருளாதார உரிமையை ஒருவருக்குக் கையளிப்பதாயின் அது எழுத்தில், ஒப்பத்துடன் இருக்கவேண்டும்; ஆகவேதான் அந்தப் படிவத்துக்கு அத்தனை பலம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: வேலையின் பகுதியாக ஆக்கப்பட்ட படைப்பின் உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, வேலை கொடுத்தவரைச் சேரும். உங்கள் நிறுவனத்தின் புலமைச் சொத்துக் கொள்கை ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று நூலகரிடமோ பீட அலுவலகத்திலோ கேட்டறிவது அரைமணி நேர வேலைதான்.

திறந்த அணுக்கம் என்ற சொல்லுக்குத் தெளிவான பொருளைக் கொடுத்தது 2002 ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனம்; மறு ஆண்டில் பேர்லின் பிரகடனம் வந்தது. கட்டுரையை எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்பதுடன், பிரதி செய்யவும் பகிரவும் மீளப் பயன்படுத்தவும் அனுமதி இருக்கவேண்டும் என்பதே அதன் முழுப் பொருள். நம்மவரில் பலர் இதன் முற்பாதியை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். வன்னியைப் பொறுத்தவரை ஆய்வுக்கட்டுரைக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன: ஒன்று பணம், மற்றது மொழி. இலவசமாகத் திறக்கும் ஆங்கிலக் கட்டுரை முதற் பூட்டை மட்டுமே நீக்குகிறது. இரண்டாவதை நீக்கும் சாவி மொழிபெயர்ப்பு உரிமை. அது எவரிடம் இருக்கிறது என்பதையே நான் இவ்வழிகாட்டி நெடுகிலும் கவனிக்கச் சொல்கிறேன்.

ஆய்விதழைத் தெரிவுசெய்யும்போது மூன்று பாதைகள் இருக்கும். ஆய்விதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவது பொன் வழி. இதற்குப் பெரும்பாலும் கட்டுரையை எழுதியவரிடம் கட்டணம் கேட்பார்கள். 'நேச்சர்' ஆய்விதழ் 2020 இல் இதற்கென 9,500 யூரோ என்று அறிவித்தது என்றால், இங்குள்ள விரிவுரையாளர் ஒருவருக்கு அப்பாதை எவ்வளவு தூரம் என்பது விளங்கும். சந்தா ஆய்விதழில் வெளியிட்டு, கட்டுரையின் ஒரு வடிவத்தை, ஆய்வுகளை இணையத்தில் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்றில் நீங்களே வைப்பது பசுமை வழி, இதற்குச் செலவில்லை. வாசகரிடமும் ஆசிரியரிடமும் பணம் கேளாது, பல்கலைக்கழகமோ கழகமோ செலவைத் தாங்கும் ஆய்விதழில் வெளியிடுவது வைர வழி. நம் நாட்டு ஆய்விதழ்கள் பல தேசிய விஞ்ஞான மன்றம் பேணும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் திறந்தே கிடக்கின்றன. வெளிநாட்டு இதழ் ஒன்றையே உயர்வாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. பதவி உயர்வுப் புள்ளிகள் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரணைமடுவின் நீரைப் பற்றிய கட்டுரையை நாளை தேடப்போகிறவர் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் கமநல சேவை நிலையத்திலும் இருக்கிறார் என்றால், அவர் திறக்கக்கூடிய இதழே அக்கட்டுரைக்குரிய இடம் என்பது என் உறுதியான கருத்து.

கட்டணம் கேட்கும் நல்ல இதழொன்றைத் தெரிந்தீர்களாயின், கட்டுரையை அனுப்புவதற்கு முன்னரே கட்டண விலக்குக் கேட்டு எழுதுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் கேட்டால் பல இதழ்கள் மறுத்துவிடும். துறை அறிந்தவர்களைக் கொண்டு கட்டுரையை மதிப்பிடும் மீளாய்வே செய்யாமல் பணம் வாங்கி வெளியிடும் போலி இதழ்களும் மின்னஞ்சலில் வந்து குவியும். திறந்த அணுக்க ஆய்விதழ்களின் திரட்டாகிய டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் அவ்விதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தம் பல்கலைக்கழகப் பக்கங்களில் அதைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் வெளியிடுவோம் என்று உறுதி தரும் இதழைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் வருகின்ற மின்னஞ்சலில் ஓர் இணைப்பு இருக்கும். பெரும்பாலும் ஒரு பெட்டியில் குறியிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதே அங்கு கேட்கப்படும். அவ்விடத்தில் நின்று, படிவத்தைத் தரவிறக்கி, ஓர் இரவு வைத்து வாசியுங்கள். முதலில் தேட வேண்டியது, பதிப்புரிமையை நீங்கள் 'கையளிக்கிறீர்களா' அல்லது வெளியீட்டாளருக்கு 'உரிமம் வழங்குகிறீர்களா' என்பது. கையளித்தல் காணியை எழுதிக் கொடுப்பது போன்றது. உரிமம் குத்தகைக்குக் கொடுப்பது போன்றது. உரிமமாயினும் அது 'தனியுரிமம்' என்றால், குத்தகைக் காலத்தில் உங்கள் காணிக்குள் நீங்களே கால்வைக்க முடியாது. அக்காலமும் பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் முழுவதுமாகவே இருக்கும். அதன்பின், 'எல்லா மொழிகளிலும்', 'எல்லா வடிவங்களிலும்' என்ற சொற்கள் எங்கே உள்ளன என்று பாருங்கள். அடுத்து, ஆசிரியர் வைத்துக்கொள்ளும் உரிமைகள் என்ற பகுதியில் களஞ்சியம், கற்பித்தல், பின்னர் நூலாக்குதல் ஆகியன பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு மாதங்கள் என்று இக்காத்திருப்புக் காலம் இதழுக்கு இதழ் மாறும். ஷேர்பா ரோமியோ என்று நெடுங்காலம் அறியப்பட்ட இணையத் தரவுத்தளத்தில் இதழின் பெயரைத் தட்டெழுதினால், பெரும்பாலான இதழ்களின் கொள்கையை ஒப்பந்தம் வருமுன்னரே அறியலாம்.

படிவத்தை மாற்றக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பார்க் என்ற நூலகக் கூட்டமைப்பு ஆசிரியர்களுக்கென ஓர் இணைப்புப் பத்திரத்தை ஆயத்தமாக வைத்திருக்கிறது; அதை நிரப்பி ஒப்பந்தத்துடன் சேர்த்து அனுப்பலாம். அல்லது இதழாசிரியருக்குச் சிறிய கடிதம் எழுதுங்கள். நான் இப்போது அனுப்பும் கடிதத்தின் சாரம் இது: "இவ்வாய்வு இலங்கையின் வன்னிப் பகுதியில் தமிழ் பேசும் கமக்காரருடன் நடத்தப்பட்டது. அவர்களுக்கு முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பதாக நான் வாக்களித்துள்ளேன். ஆகையால் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிலும் இணையத்திலும் இலவசமாக வெளியிடும் உரிமையையும், ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைத் திறந்த களஞ்சியத்தில் வைக்கும் உரிமையையும் நான் வைத்துக்கொள்ளுமாறு ஒப்பந்தத்தைத் திருத்தித் தருக." இதை ஆங்கிலத்தில் பணிவாக, காரணத்துடன் எழுதுங்கள். தமிழ்ச் சந்தை அவர்களுக்குப் பொருட்டல்ல என்பதால் மொழிபெயர்ப்பு உரிமையை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எளிது. என் அனுபவத்தில் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் கிடைத்தது. உடன்பட்டதை எழுத்தில் பெற்று, ஒப்பந்தத்துடன் ஒரே கோப்புறையில் வையுங்கள். இணை ஆசிரியர்கள் இருந்தால், எவரும் ஒப்பமிடுவதற்கு முன் எல்லோரும் இதில் உடன்பட்டிருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்க மாணவர் கூச்சப்படத் தேவையில்லை.

திறந்த இதழ்கள் பொதுவாக, படைப்பைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தெரியச் சொல்லும். பெயர்சுட்டல் உரிமம், உங்கள் பெயரைச் சொல்லி எவரும் எதற்கும் பயன்படுத்த இடமளிக்கிறது. வணிகமின்மை என்ற நிபந்தனை சேர்ந்தால், விலைக்கு விற்கும் பயிற்சி நூலில் அதைச் சேர்க்க விரும்பும் நம் ஊர் ஆசிரியரும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். வழிப்படைப்பு இல்லை, அதாவது மூலத்தை மாற்றி ஆக்கியதை வெளியிடக்கூடாது, என்ற நிபந்தனையையே நான் மிகவும் அஞ்சுகிறேன். தம் எழுத்தை எவரும் திரித்துவிடக் கூடாது என்ற நியாயமான எண்ணத்தில் பலர் அதைத் தெரிகிறார்கள். மொழிபெயர்ப்பும் வழிப்படைப்பே ஆகையால், அந்த ஒரு குறியினால் கட்டுரையைத் தமிழில் பெயர்த்து வெளியிடப் பிறருக்கு வழியில்லாது போகிறது. திரிபுக்கு அஞ்சுவோருக்குப் பெயர்சுட்டல் உரிமத்திலேயே, மாற்றம் செய்தவர் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கட்டுரையில் பிறருடைய வரைபடமோ புகைப்படமோ இருந்தால், உரிமம் அதற்குப் பொருந்தாது என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் திறப்பது முறையும் அன்று. இடம்பெயர்வு, காணாமற்போனோர், காணிப் பிணக்கு ஆகியவை பற்றி ஒருவர் உங்களிடம் திண்ணையில் இருந்து சொன்னது அவருடையது. கட்டுரைக்குச் சம்மதித்தவர், தமது முழு வாய்மொழியும் எவரும் தரவிறக்கக்கூடியதாக இணையத்தில் கிடப்பதற்குச் சம்மதித்தவராக மாட்டார். ஆகவே சம்மதப் படிவத்தில் கட்டுரை, மூலத் தரவு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் வெவ்வேறாகக் கேளுங்கள். ஊரின் பெயரும் வயதும் தொழிலும் சேர்ந்தாலே ஆள் யாரென்று முல்லைத்தீவில் எவருக்கும் தெரிந்துவிடும். அருவிவெட்டுப் பாடல், கூத்து ஆகியவற்றைச் சேகரிப்போர், நாட்டார் வெளிப்பாடுகளுக்கு நம் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு என்பதையும் நினைவில் வைத்து, பாடியவரின் பெயரை அவர் விரும்பினால் பதியுங்கள்.

களஞ்சியத்தில் வைக்கும்போது எந்த வடிவத்தை வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மீளாய்வுக்கு முன் அனுப்பியது ஒன்று. மீளாய்வின்படி திருத்தி ஏற்கப்பட்டது மற்றொன்று. இதழின் பக்க அமைப்புடன் அச்சேறியது மூன்றாவது. சந்தா இதழ்கள் பொதுவாக இரண்டாவதையே அனுமதிக்கும், ஆகவே அந்தக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் நிறுவனக் களஞ்சியம் முதலிடம். நிறுவனம் சாராதோர், ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோ என்ற களஞ்சியத்தில் இலவசமாக வைத்து, கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர இலக்கமும் பெறலாம். தமிழ் வடிவத்தை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திறந்த அணுக்கத்தில் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். இடப்பெயர்வுகளில் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் விட்டுவிட்டு வந்த ஊர்களில், ஒரே ஆவணம் இரண்டு மூன்று இடங்களில் இருப்பதன் அருமையை விளக்கத் தேவையில்லை. தமிழ்க் கோப்பை ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டெழுதுங்கள்; பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதைத் தேடுபொறி கண்டுபிடிக்காது. கைத்தொலைபேசியிலேயே பெரும்பாலானோர் வாசிப்பதால் கோப்பின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தைத் தேடியெடுங்கள். காத்திருப்புக் காலம் கழிந்திருந்தால் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை வைக்க இன்றே உரிமை இருக்கலாம். இல்லையெனில் மொழிபெயர்ப்பு அனுமதி கேட்டு வெளியீட்டாளருக்கு எழுதுங்கள். மறுமொழி வராவிட்டாலும், எண்ணங்களுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் வெறும் தரவுகளுக்கும் பதிப்புரிமை இல்லை. சட்டம் காப்பது அவற்றை வெளிப்படுத்திய வடிவத்தையே. ஆங்கிலக் கட்டுரையை அருகில் வைக்காமல், களக் குறிப்பேட்டிலிருந்து உங்கள் முடிவுகளைத் தமிழில் புதிதாக எழுதினால் அது புதிய படைப்பு. நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன்: எட்டுப் பக்கம், இரண்டு படங்கள், காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனியே நீர் அட்டவணை. முதற் பக்கத்தின் அடியில், "இதனை எவரும் பிரதி எடுக்கலாம், பகிரலாம், மாற்றியும் வெளியிடலாம், எழுதியவரின் பெயரையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிடுக" என்று உரிம வரியை அச்சிட்டு, செயலாளரிடம் முப்பது பிரதிகள் கொடுத்தேன். போகத் தொடக்கத்தில் கூடும் கமக்காரர் கூட்டத்தில் அவர் அதை வாசித்துவிட்டு, கடைவாய்க்கால் ஒன்றின் பெயரை நான் பிழையாக எழுதியிருப்பதாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் அதைத் திருத்தினேன்.